பொம்மை ரயிலும் பூப்பாத்தியும்

நாற்பது வயது கடந்த ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் பொம்மை ரயில் விடுகிறார் என்று கேள்விப்பட்டால் நம்மில் பெரும்பாலோர் முதலில் சிரிப்போம். சிரித்து ஓய்ந்ததும், "பாவம், வேறு வேலை இல்லை போலிருக்கிறது" என்போம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதற்கு என்ன செலவாகுமாம்?" என்று விசாரிப்போம். இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் செய்கிற மனம் ஒரு தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. விளையாட்டு குழந்தைகளுக்கு உரியது. வளர்ந்தவன் விளையாடினால் அதற்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு.

நம் புலவர்களும் இதற்கு உடந்தை என்றே சொல்ல வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் ஆண் குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்து, கடைசிப் பருவமாகச் சிறுதேர் உருட்டலை வைத்தார்கள். சின்னத் தேரை உருட்டி முடித்தான் என்றால் பிள்ளைப் பருவமும் முடிந்தது. அதன் பிறகு ஊரார் இழுக்கிற பெரிய தேரில் ஒரு வடம் பிடிக்கலாம். சின்னத் தேரை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பாட ஒரு பிரபந்தமும் கிடையாது.

ஆனால் நம் வீடுகளிலேயே இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நவராத்திரியில் கொலு வைக்கிற வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். படிகளுக்குப் பக்கத்தில் தரையில் 'பார்க்' கட்டியிருப்பார்கள். சில நாள் முன்னதாகவே மண் பரப்பி, கடுகோ கேழ்வரகோ தெளித்து முளைக்க விட்டது புல்வெளி. ரசம் போன முகம் பார்க்கும் கண்ணாடி குளம். காகிதக் கூழில் ஒரு மலை. மலையைக் குடைந்து ஒரு சுரங்கம். அதற்குள் நுழைந்து வெளியே வரச் சாவி கொடுத்த தகர ரயில். இதையெல்லாம் செய்தது குழந்தைகளா? ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி, ஒரு மூலையில் மட்டும் கடுகு முளைக்கவில்லையே என்று உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அம்பாளுக்காகச் செய்கிறாள். ஒன்பது நாளைக்குத் தெய்வத்தின் பேரில் அனுமதி வாங்கிய விளையாட்டு அது. அது முடிந்ததும் பொம்மைகளைப் படுக்க வைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றி விடுகிறோம்.

மேல்நாடுகளில், அம்பாளின் அனுமதி இல்லாமலே, வருஷம் முழுவதும் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, நாம் எழுதி வைத்திருக்கிற தீர்ப்பு சரிதானா என்ற சந்தேகம் எனக்கு உண்டாகிவிட்டது.

இந்தத் தோட்ட ரயில்களுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. ஆனால் வெகுகாலம் வரை அது பெரும்பாலும் சீமான்களுக்கும், வீட்டிலேயே லேத்துப் பட்டறை வைத்திருக்கிற கைவேலைக்காரர்களுக்கும் உரியதாக இருந்தது. 1968இல் ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்து லேமன் கம்பெனி, மழையிலும் வெயிலிலும் வெளியே கிடந்தாலும் கெடாத பொம்மை ரயில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, சாதாரணக் குடும்பஸ்தரும் தோட்டத்தில் பாதை போட முடிந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 45 மில்லிமீட்டர். மீட்டர் கேஜை 22.5இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய இந்த அகலம் வரும். ஒரு தலைமுறைக்கு முன் எழும்பூரில் ஏறி ராமேசுவரத்துக்குப் போனவர்கள் போன அதே மீட்டர் கேஜ்தான். ஊட்டி ரயில் இன்றும் அதே அகலத்தில்தான் மலை ஏறுகிறது.

இந்த மாதிரிக் காரியங்களின் மேல் அறிவாளிகள் சாட்டுகிற குற்றம் ஒன்று உண்டு. பெரிய உலகம் தன் பேச்சைக் கேட்காததால் மனிதன் ஒரு சின்ன உலகத்தைச் செய்துகொண்டு அதற்கு ராஜாவாகிறான் என்பார்கள். பகலெல்லாம் ஆபீஸில் மேலதிகாரியின் முன்னால் கைகட்டி நின்றவன், மாலையில் வீட்டுக்கு வந்து ஒரு விசையைத் திருப்பினால் ரயில் நிற்கிறது. மறுபடி திருப்பினால் போகிறது. அந்தச் சுகத்துக்காகத்தான் இத்தனையும் என்பது அவர்கள் கட்சி. அறைக்குள் மேஜையின் மேல் கட்டுகிற ரயிலைப் பற்றி இது ஓரளவு உண்மையாகவே இருக்கலாம். கதை எழுதுகிற எனக்கு அந்தச் சுகம் தெரியாததல்ல. என் நாவலில் நான் சொன்னால்தான் மழை பெய்யும். கதாநாயகியின் தகப்பனார் நான் குறித்த அத்தியாயத்தில் கண்ணை மூடுவார். ஆனால் அதே ரயிலைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தவுடன் ராஜ்யம் பறிபோய்விடுகிறது.

ரயிலைச் சுருக்கிய மனிதனால் மழையைச் சுருக்க முடிவதில்லை. பெரிய மழைத்துளி ஒன்று 4 மில்லிமீட்டர் இருக்கும். 22.5இல் ஒரு பங்கு உலகத்தில் வசிக்கிற டிரைவர் பொம்மைக்கு அது 9 சென்டிமீட்டர். வானத்திலிருந்து சாத்துக்குடி சாத்துக்குடியாக விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரானால், ஒரு மாவிலை உதிர்ந்தால் போதும், பாதையின் குறுக்கே பதினைந்தடிப் பலகை கிடக்கிறது. மூன்றங்குலத் தேரை ஒன்று நிழலுக்காகச் சுரங்கத்துக்குள் போய் உட்கார்ந்தால், ஐந்தரை அடி ஆசாமி ஒருவர் வழியை மறித்துச் சத்தியாக்கிரகம் செய்வதற்குச் சமானம்.

வெயிலும் விடுவதில்லை. பத்து மீட்டர் நீளமுள்ள பித்தளைத் தண்டவாளம் 30 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீண்டுவிடும். இடைவெளி விடாமல் இறுக்கிப் பூட்டியிருந்தால் நடுப்பகலில் பாதை பாம்பாக நெளியும். நீராவியில் ஓடுகிற என்ஜினானால் கணக்கு இன்னும் வேடிக்கையாகிறது. நாற்பது டன் என்ஜினை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 22.5இல் ஒரு பங்காக்கினால் எடை 11,000 மடங்குக்கு மேல் குறைந்து மூன்றரைக் கிலோவில் வந்து நிற்கும். பாய்லருக்குள் இருக்கும் தண்ணீரும் அதே கணக்கில் குறைகிறது. ஆனால் பாய்லரின் வெளிப்பரப்பு 500 மடங்கு சொச்சம்தான் குறையும். கொஞ்சம் தண்ணீர், அதற்கு மிஞ்சிய தோல். சூடு எப்படி நிற்கும்? மெலிந்த குழந்தைக்குக் குளிர் சீக்கிரம் தாக்குகிற மாதிரிதான். கொஞ்சம் காற்று அடித்தாலும் ஆவி குறைந்து, என்ஜின் மேட்டில் நின்றுவிடும்.

ஆகவே தோட்டத்தில் ரயில் விடுகிறவருடைய பொழுதில் பெரும்பகுதி ரயில் விடுவதில் கழிவதே இல்லை. மண்ணைத் தோண்டி, ஈரம் வடிய வழி செய்து, பொடி ஜல்லி கொட்டித் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். அழகாக இருக்கிறதே என்று கூழாங்கல்லைப் போட்டால் அது உருளும். உடைத்த கல்லானால்தான் முனையோடு முனை கோத்துக்கொண்டு பாதையைப் பிடிக்கும். ஏற்றம் 50 அடிக்கு 1 அடியைத் தாண்டினால் என்ஜினுக்கு மூச்சு வாங்கும். இத்தனையும் செய்து முடித்த பிறகு ஒரு மழைக்காலம் போனால், ஓரிடத்தில் அரை அங்குலம் மண் உள்வாங்கியிருக்கும். மறுபடி ஆரம்பத்திலிருந்து. ஒவ்வொரு நாளும் வண்டி விடுமுன் கையில் துடைப்பத்துடன் முழுப் பாதையையும் குனிந்தபடியே நடந்து பார்க்க வேண்டும். நிஜ ரயில்வேயில் இந்த வேலை செய்கிறவனைக் கேங்மேன் என்கிறோம். ராஜாவாகப் புறப்பட்டவர் கேங்மேனாகி நிற்கிறார்.

எனக்கு இதில் மரியாதைதான் உண்டாகிறது. எந்த மேலதிகாரியும் வந்து சோதிக்கப் போவதில்லை. எந்தப் பிரயாணியும் புகார் எழுதப் போவதில்லை. இருந்தும் அந்த அரை அங்குலத்தைச் சரிசெய்யாமல் ஒரு மனிதருக்குத் தூக்கம் வரவில்லை! சம்பளம் கொடுத்தும், சஸ்பெண்டு செய்வேன் என்று பயமுறுத்தியும், நாம் எத்தனை இடங்களில் இந்தக் கவனத்தைப் பெற முடியாமல் தவிக்கிறோம்?

அப்படியானால் இது உபயோகமான பயிற்சி என்று ஒரு காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அந்த வழக்கை ஆயுள் பூராவும் நடத்தியவர் ஒருவர் உண்டு. ஸர் ஆர்தர் ஹேவுட் என்ற ஆங்கிலச் சீமான், இங்கிலாந்தில் டார்பிஷயர் பகுதியில் டஃபீல்ட் பாங்க் என்ற தம் வீட்டு நிலத்தில் 1874 முதல் 15 அங்குல அகலத்தில் ஒரு ரயில் பாதை போட்டார். இது விளையாட்டே இல்லை என்பது அவர் வாதம். பெரிய பண்ணைகளில் சாமான் ஏற்றி இறக்கவும், ராணுவத்தாருக்கும், இவ்வளவு சின்னப் பாதையே போதும் என்று காட்டத்தான் செய்கிறேன் என்றார். 1881இல் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 1890களில் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்கின் ஈட்டன் ஹால் பண்ணையில் அப்படி ஒரு பாதை போட்டும் கொடுத்தார். மற்றபடி அவர் எதிர்பார்த்ததுபோல் அது நாடெங்கும் பரவிவிடவில்லை.

ஹேவுட் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய தோட்ட ரயிலில் சாப்பாட்டு வண்டி ஒன்று இருந்தது. படுத்துத் தூங்குகிற வண்டியும் ஒன்று இருந்தது. தன் எஸ்டேட் எல்லையைத் தாண்டாத ரயிலில் ஒருவர் படுத்துத் தூங்கி எங்கே போய் விழிப்பது? பண்ணைக்கு உரம் ஏற்றுவதற்குப் படுக்கை வண்டி எதற்கு? அந்த வண்டிதான் அவரைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அதைப் பற்றிப் படித்த பிறகு அந்த மனிதரிடம் எனக்குப் பிரியம் அதிகமாகிவிட்டது; அவருடைய வாதத்தில் நம்பிக்கை குறைந்துவிட்டது. 'குழந்தைகளுக்காக வாங்கினேன்' என்று சொல்லிவிட்டுத் தகப்பனார் ரயிலை ஓட்ட, குழந்தை சுவரோரம் நின்று பார்க்கிற வீடுகளும் இந்த ரகந்தான்.

ஆக, உபயோகம் உண்டா இல்லையா என்ற கேள்வியை நான் விட்டுவிடுகிறேன். ரோஜாச் செடிக்கு என்ன உபயோகம்? எனக்குக் கேட்கத் தோன்றுவது வேறு. அந்தத் தண்டவாளம் யாருடைய இடத்தில் போகிறது? யாருடைய பொழுதில் போகிறது? ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் ஒருவர் குனிந்து ஜல்லி தட்டுகிறார் என்றால், அந்த நேரத்தில் அடுப்படியில் நின்றது யார், குழந்தையைக் குளிப்பாட்டியது யார், வாசலில் வந்து நின்ற தயிர்க்காரிக்குக் கணக்குச் சொன்னது யார்? ஓய்வு என்பது ஒரு வீட்டில் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒருவருக்குக் கிடைக்கிற ஓய்வு அநேகமாக இன்னொருவர் சேர்த்துக் கொடுத்தது. நம் வீடுகளில் ஆணின் பொழுதுபோக்குக்கு எப்போதும் இடம் உண்டு. சீட்டு, சதுரங்கம், தபால்தலை, சங்கீதக் கச்சேரி என்று அது சொந்தப் பெயரிலேயே உலாவும். பெண்ணின் பொழுதுபோக்கோ, கொலுவைப் போல, ஏதாவது ஒரு கடமையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வர வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வி தம் வீட்டுத் தோட்டத்திலேயே முளைத்து, அதற்கு எழுத்து மூலமாகப் பதில் சொல்ல நேர்ந்த மனிதர் ஒருவர் உண்டு. அவர் வால்ட் டிஸ்னி.

மிக்கி மௌஸைத் தெரிந்த அளவுக்கு டிஸ்னியின் ரயில் பைத்தியம் நமக்குத் தெரியாது. 1917இல், பதினைந்து வயதில், ஓடுகிற ரயிலில் பத்திரிகையும் ஆப்பிளும் மிட்டாயும் விற்ற பையன் அவர். அந்த மோகம் போகவே இல்லை. 1948இல், தம்மிடம் சித்திரம் வரைந்துகொண்டிருந்த வார்ட் கிம்பாலை அழைத்துக்கொண்டு சிகாகோவில் நடந்த ரயில்வே கண்காட்சிக்குப் போய்வந்தார். (கிம்பால் இவரையும் மிஞ்சியவர், வீட்டுக் கொல்லையில் நிஜ என்ஜினையே கொண்டுவந்து நிறுத்திவைத்திருந்த ஆசாமி.) பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் புது வீட்டுக்கு மனை பார்த்தபோது, ரயிலுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்தே வாங்கினார். எட்டில் ஒரு பங்கு அளவு. பாதையின் அகலம் ஏழேகால் அங்குலம். ஆள் மேலே உட்கார்ந்து போகலாம். சுற்றி வளைத்துப் போகும் பாதையின் நீளம் 2,615 அடி. ஏறக்குறைய அரை மைல். நாற்பத்தெட்டு வயதுக் கோடீசுவரர், தம் ஸ்டூடியோப் பட்டறையில் தம்மிடம் சம்பளம் வாங்குகிறவர்களிடமே பாடம் கேட்டு, என்ஜினின் விளக்கையும் புகைபோக்கியையும் தகட்டில் தாமே செய்தார். ரயிலின் கடைசியில் போகிற கார்டு வண்டி அநேகமாக முழுவதும் அவர் கைவேலை. அதற்குள் கார்டு குளிர் காய ஒரு சின்ன இரும்பு அடுப்பும் வைத்தார். என்ஜினுக்கு லில்லி பெல் என்று பெயர் சூட்டினார். மனைவியின் பெயர் லிலியன்.

பெயர் வைத்ததோடு மனைவி சமாதானமாகிவிடவில்லை. பாதை போக வேண்டிய வழியில் லிலியனின் பூந்தோட்டம் வருகிறது. டிஸ்னி என்ன செய்தார்? வக்கீலைக் கொண்டு ஒரு பத்திரம் எழுதச் செய்தார். ரயில்வே கம்பெனிகள் நிலத்துக்காரர்களோடு எழுதிக்கொள்கிற தோரணையில், இந்த நிலத்தின் வழியாகப் பாதை போக எனக்குச் சம்மதம் என்று லிலியன் கையெழுத்திட்டார். பூப்பாத்தி வருகிற இடத்தில் மேலே செடி இருந்தபடி இருக்க, கீழே 90 அடிக்குச் சுரங்கம் வெட்டினார்கள். நேராக வெட்டினால் செலவு குறையும் என்று வேலை செய்தவர் யோசனை சொன்னாராம். ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தால் இன்னும் குறையும் என்றாராம் டிஸ்னி. ஆங்கில எழுத்து எஸ்ஸைப் போல வளைத்தே வெட்டினார்கள். உள்ளே நுழைகிறவருக்கு மறுவாய் தெரியக் கூடாது என்பது அவர் ஆசை.

பத்திரம் வேடிக்கைக்காக எழுதியதுதான். ஒரு பணக்காரக் குடும்பத்துச் சிரிப்பு என்று தள்ளிவிடலாம். ஆனால் நிஜ ரயில்வேக்கள் வேடிக்கையாகக்கூடக் கேட்டதில்லை. இங்கிலாந்தில் ஒவ்வொரு கம்பெனியும் பார்லிமெண்டில் தனிச் சட்டம் வாங்கிக்கொண்டு வந்தது; நிலத்துக்காரர் மாட்டேன் என்றாலும் விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ள அதற்கு அதிகாரம் உண்டு. நம் நாட்டில் 1849இல் முதல் கம்பெனிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, நிலம் இலவசம். போட்ட முதலுக்கு 5 சதவீதம் கிடைக்குமென்று சர்க்காரே உத்தரவாதம். அந்த நிலத்தை உழுதுகொண்டிருந்தவனுடைய கையெழுத்துக்கு அந்த ஒப்பந்தத்தில் இடமே இருக்கவில்லை.

லிலியனால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மறுக்க வழி இல்லாதவரிடம் வாங்குகிற சம்மதம் சம்மதமாகாது, எத்தனையோ வீடுகளில் "உனக்கு ஆட்சேபம் இல்லையே?" என்பது கேள்வியே இல்லை, அறிவிப்பு. இங்கே எனக்குச் சாட்சியாகத் தெரிவது அந்தக் கையெழுத்தைவிட அந்தச் சுரங்கம்தான். பூச்செடிகளைப் பெயர்த்து எறிந்துவிட்டு நேராகப் பாதை போட்டிருந்தால் அந்தப் பத்திரம் வெறும் கேலியாகியிருக்கும். அவருடைய விளையாட்டுக்கு அவள் இடம் கொடுத்தாள். அவளுடைய பூக்களுக்காக அவர் மண்ணுக்கு அடியில் போனார். பூக்களுக்கும் ஓர் உபயோகமும் இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். உபயோகமில்லாத இரண்டு காரியங்கள் ஒன்றையொன்று மதித்து ஒதுங்கிக்கொண்ட இடம் அது. தம்பதிகளிடையே இது அவ்வளவு சாதாரணமாக நடக்கிற விஷயமா?

1950இல் வீட்டைச் சுற்றி ஓடத் தொடங்கிய அந்த ரயில் 1953இல் நின்றுபோயிற்று. விருந்துக்கு வந்த ஒருவர் என்ஜினை ஓட்டினார். வேகம் அதிகமாகி, வளைவில் தடம் புரண்டு, ஊதல் உடைந்து நீராவி பீறிட்டது. அதன் ஊடே ஓடிய ஒரு சிறுமிக்குச் சூடு பட்டுவிட்டது. எட்டில் ஒரு பங்கு என்ஜின் என்பதற்காக அதன் ஆவி எட்டில் ஒரு பங்கு சுடுவதில்லை. ஓட்டியவர் விருந்தாளி, நான் அல்ல என்று டிஸ்னி சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் ஊதலைப் பழுது பார்த்து, குழந்தைகள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்று பலகை எழுதி மாட்டியிருக்கலாம். அவர் என்ஜினை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார். கொஞ்சம் அதிகப்படி என்று நினைக்கிறவர்கள் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனைவியிடம் வழி கேட்டுப் போட்ட பாதை. அந்தக் குழந்தையிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை.

ஆனால் ரயில் பைத்தியம் பூட்டுக்குள் அடங்குவதாயில்லை. 1955 ஜூலையில், லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே அனாஹைமில் டிஸ்னிலாந்து திறந்தபோது, அதைச் சுற்றி ஒரு ரயில் ஓடியது. லில்லி பெல்லின் வரைபடங்களைப் பெரிதாக்கி, 3 அடி அகலப் பாதைக்கு என்ஜின் செய்திருந்தார்கள். பெரிய என்ஜினைப் பார்த்துச் சின்னது செய்து, சின்னதைப் பார்த்து மறுபடி பெரியது! ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ஏறினார்கள், இன்றும் ஏறுகிறார்கள். இதனால் என்ன பிரயோஜனம் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. லாபம் வர ஆரம்பித்த பிறகு அந்தக் கேள்வி எழுவதில்லை. அந்த இடத்தில் முன்பு ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்தன, 160 ஏக்கர். முறைப்படி விலை பேசி வாங்கினார்கள். கிரயப் பத்திரங்களில் வேடிக்கை ஒன்றும் இருக்கவில்லை. மரங்களைப் பெயர்த்து மண்ணைச் சமப்படுத்திப் பாதை போட்டார்கள். யாருடைய பூப்பாத்திக்கு அடியிலும் நுழைந்து போக வேண்டியிருக்கவில்லை.